கிராம் ரேட்டில் பிரித்த இரண்டு கைக்கடிகாரங்கள்

அப்பா விட்டுப்போன இரண்டு கைக்கடிகாரங்களை அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்ட கதை இது. பழுதுபார்ப்பவன் என்ற முறையில் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். இருவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். தென்மாவட்ட நகரம் ஒன்று என்பது போதும்.

பின்னணி

அப்பா சிங்கப்பூரில் முப்பது வருடம் வியாபாரம் செய்தவர். கடைசிக் காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் இரண்டு ரோலெக்ஸ் டே-டேட் (கிழமையும் தேதியும் காட்டும் மாடல்) இருந்தன. ஒன்று மஞ்சள் தங்கம், 1990களில் வாங்கியது. கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் அவர் கையில் மினுங்கியது அதுதான். இன்னொன்று வெள்ளை, 2008இல் வாங்கியது. அதை அவர் வெளியே கட்டிக்கொண்டு போனதை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அவர் காலமான பிறகு, 2024 ஜூனில், வீடு, கடை, நகை என்று எல்லாம் பேசி முடித்துக் கடைசியாக இந்த இரண்டுக்கும் வந்தார்கள். குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு நகைக்கடையில் கொடுத்து மதிப்புப் போடச் சொன்னார்கள். கடைக்காரர் தனக்குத் தெரிந்த முறையில் நியாயமாகத்தான் போட்டார். உள்ளே இருக்கும் மிஷின், கண்ணாடி இவற்றை ஓர் உத்தேசமாகக் கழித்தார். தங்கத்தில் நிகரமாக 88 கிராம், 18 கேரட், ஆக 66 கிராம் சொக்கத் தங்கம். அன்றைக்கு 24 கேரட் கிராம் 7,100 ரூபாய்ப் பக்கம் இருந்தது. 4 லட்சத்து 70 ஆயிரம் என்று எழுதினார். வெள்ளை வாட்ச் பிளாட்டினம் என்பதையும் அவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். நிகரம் 165 கிராம், அதில் 95 சதவீதம் பிளாட்டினம், கிராம் 2,650 ரூபாய். "பிளாட்டினத்தைத் திரும்ப எடுக்கிறவன் இங்க யாரு இருக்கான்?" என்று 30 சதவீதம் கழித்து 2 லட்சத்து 90 ஆயிரம் போட்டார்.

மூத்தவர் என்பதால் அண்ணன் முதலில் தேர்ந்தெடுத்தார், தங்கத்தை. வித்தியாசத்தில் பாதியாக 90,000 ரூபாயைத் தங்கை கையில் கொடுத்தார். பாகப் பத்திரத்தோடு இணைத்த பட்டியலிலும் இது ஏறிவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் தராசிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

கடைக்கு வந்தபோது

அக்டோபரில் தங்கை என் கடைக்கு வந்தார். "சார், அப்பா வாட்ச். ஓடமாட்டேங்குது. பேட்டரி போட்டுக் கொடுங்க" என்றார். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கவுண்டரில் வைத்தபோது வந்த சத்தத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஸ்டீல் வாட்ச்சை மேஜையில் வைத்தால் ஒரு கிணுக்கு கேட்கும். இது பொத்தென்று உட்கார்ந்தது.

இது பேட்டரியில் ஓடுவதில்லை, கையில் கட்டி ஆடும்போது தானாகச் சுற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் என்று சொன்னேன். பல மாதம் பீரோவில் கிடந்ததில் நின்றிருந்தது. சாவியைக் கொஞ்சம் சுற்றினேன், ஓடியது. ஆனால் நேரம் தள்ளிப்போனது, எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். சர்வீஸ் செய்யணும், செலவு ஆகும் என்றேன். "என் பங்குக்கு வந்ததே இந்த வெள்ளை வாட்ச்தான். இதுக்கு அவ்வளவு செலவு பண்ணலாமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால்தான் இத்தனையும்.

பார்த்தவை

டயலைத்தான் முதலில் பார்த்தேன். வெளிர்நீலம், பனிக்கட்டிக்குள் வெளிச்சம் விழுந்தால் வருமே அந்த நிறம். ரோலெக்ஸ் இந்த நிறத்தைப் பிளாட்டினத்துக்கு மட்டுமே வைக்கிறது. ஸ்டீலிலோ தங்கத்திலோ வராது. அதோடு டே-டேட் 1956இல் வந்த நாள்முதல் கடைகளில் தங்கத்திலும் பிளாட்டினத்திலும்தான் விற்கப்படுகிறது.

செயின் கேஸில் சேரும் காதுப் பகுதியின் அடிப்பக்கத்தில் வியர்வை அழுக்கு படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் 950 என்ற எண் (ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம்), பக்கத்தில் கடுகளவில் ஒரு நாய்த் தலை. செயின்ட் பெர்னார்ட் நாய். 1995 முதல் சுவிட்சர்லாந்து அரசின் முத்திரை அதுதான். விலைமதிப்புள்ள உலோகத்தில் செய்த வாட்ச் கேஸ் அரசு முத்திரை இல்லாமல் அங்கே விற்பனைக்குப் போகாது.

அதே காதின் ஓரத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். உரைகல்லில் தேய்த்த தடம். நகைக்கடையில் பழக்கதோஷத்தில் ஓர் இழுப்பு இழுத்திருக்கிறார்கள். நகத்தால் தடவினால் கோட்டின் இரண்டு பக்கமும் வரப்பு கட்டியதுபோல் மேடு தட்டியது. பிளாட்டினத்தின் குணம் அது. தங்கத்தில் கீறினால் உலோகம் கொஞ்சம் போய்விடும். பிளாட்டினத்தில் பெரும்பாலும் போகாது, ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

முத்திரையைப் பார்த்தபிறகும் ஒரு சோதனை செய்தேன். போலி முத்திரைகளைக் கண்டு சூடுபட்டவன் நான். செயினில் ஒரு கண்ணியைத் திருகு கழற்றி எடுத்து மெல்லிய நூலில் கட்டினேன். காற்றில் 4.16 கிராம். தண்ணீரில் முங்கவைத்துத் தொங்கவிட்டபோது 3.96. குறைந்தது 0.20. வகுத்தால் அடர்த்தி 20.8, பிளாட்டினத்துக்கு வரவேண்டிய எண்தான். கண்ணி 18 கேரட்டாக இருந்தால் 0.27 குறைந்திருக்கும், ஸ்டீல் என்றால் 0.52. குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும் என்பதால் மூன்று தடவை செய்தேன். வேறு சந்தேகம் வரவில்லை.

நான் செய்த தவறு

இதை அவரிடம் சொன்ன விதத்தில் தவறு செய்தேன். கவுண்டரில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கண்டுபிடித்த உற்சாகத்தில், "அம்மா, இது உங்க அண்ணன்கிட்ட இருக்கிற தங்க வாட்ச்சைவிட விலை ஜாஸ்தி" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பாகம் பிரித்ததும், 90,000 கைமாறியதும் அப்போது எனக்குத் தெரியாது. நின்றிருந்தவரில் ஒருவர் அண்ணன் கடையில் வேலை பார்ப்பவர்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் யோசித்து அண்ணனிடம் பேசுவதற்கு முன்னாலேயே செய்தி அங்கே போய்விட்டது. போனது எப்படி? "பாப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சேதான் பணத்தையும் வாங்கிக்கிட்டா" என்று. நான்கு நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் அண்ணன் நேரே என்னிடம் வந்து நின்றார், கோபமாக.

எடுத்த முடிவுகள்

முதலில், அந்த உரைகல் தடத்தை மெருகேற்றி மறைக்கவில்லை. அந்த அம்மா கேட்டார்கள்; நான் மறுத்தேன். என்னிடம் இருக்கும் பஃப் சக்கரங்கள் ஸ்டீலுக்கும் தங்கத்துக்கும் ஓடுபவை, அவற்றில் ஒட்டியிருக்கும் துகள் பிளாட்டினத்தில் ஏறும். அதற்கென்று தனிச் சக்கரம், தனி மசாலா, பொறுமை மூன்றும் வேண்டும். அரைகுறையாகத் தேய்த்தால் காதின் விளிம்பு மழுங்கிவிடும். பழைய வாட்ச் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பதே அந்த விளிம்பைத்தான்.

அடுத்து, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற பேச்சில் இறங்குவதில்லை என்று தீர்மானித்தேன். உலோகத்தையும் விலை எப்படி அமைகிறது என்பதையும் மட்டும் சொல்வேன். அதையும் இருவரும் சேர்ந்து இருக்கும்போதுதான். அண்ணனிடம், "தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு, ரெண்டு வாட்ச்சும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை கடை பூட்டினப்புறம் வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

அண்ணனின் வாதம் பலமானது. காலையில் தினமும் தங்க ரேட் பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறவர். "கிராம் பாதி ரேட்டுகூட இல்லாத உலோகம் எப்படிங்க விலை கூடும்? அதுவும் இதைப் பாருங்க, என்னோடதுல டயலைச் சுத்தியிருக்கிற வளையம் வரி வரியா வெட்டி மின்னுது. அதுல வளையம் மொட்டையா இருக்கு" என்றார்.

மொட்டை வளையத்தில் இருந்தே ஆரம்பித்தேன். தங்கத்தில் அந்த வரிகளைக் கூர்மையாக வெட்டி எடுப்பது ரோலெக்ஸுக்குப் பழகிய வேலை. பிளாட்டினத்தில் டே-டேட்டுக்கு அந்த வரி வளையம் 2022இல்தான் முதல்முறை வந்தது. அதுவரை வழவழப்பு வளையம்தான். அவர் குறையாகப் பார்த்தது, உலோகத்தின் முரண்டுக்கு அடையாளம்.

முரண்டு என்றால் என்ன? பிளாட்டினம் கடினமான உலோகம் என்று நினைப்பார்கள். உண்மையில் அது சவ்வு மாதிரி இழுக்கும். கடைசல் உளி பட்டால் சீராக வெட்டுப்படாமல் உளி முனையிலேயே அப்பிக்கொள்ளும். முனை சீக்கிரம் போய்விடும், மாற்றவேண்டும், வேகத்தைக் குறைக்கவேண்டும். உருக்கவும் லேசில்லை: சொக்கத் தங்கம் 1,064 டிகிரியில் உருகும், 18 கேரட் அதற்கும் கீழே, பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். கடைசியில் மெருகு. தேய்த்தால் உலோகம் கழியாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் தங்கத்தைவிட அதிகப் படிகள். இதெல்லாம் அவருக்குப் புரியும் பாஷையில் சொல்லவேண்டும் என்றால் செய்கூலியும் சேதாரமும்தான். "நகைக்கடையில தங்கச் சங்கிலிக்குச் சேதாரம் போடுறாங்களே, அதையே பத்து மடங்கா நினைச்சுக்குங்க" என்றேன். பத்து என்பது வாய்க்கு வந்த எண். ஆனால் திசை சரி.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். இரண்டு வாட்ச்சும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே அளவு அச்சில் இரண்டையும் வார்த்தால் என்ன எடை வரும்? ஒரு கன சென்டிமீட்டர் 18 கேரட் தங்கம் சுமார் 15.5 கிராம், அதில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம், ஆக 11.6 கிராம். அதே அளவு 950 பிளாட்டினம் சுமார் 20.5 கிராம், அதில் 95 பங்கு பிளாட்டினம், 19.5 கிராம். ஒரே உருவத்தைச் செய்யத் தங்கத்தைப்போல் ஒன்றேமுக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிளாட்டினம் செலவாகிறது. நகைக்கடைத் தராசில் இது கிராமாகத் தெரிந்தது, ஆனால் யாரும் அதை யோசிக்கவில்லை.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "சரி, அப்படியே வச்சுக்கிட்டாலும் 2,650ஐ 7,100 அடிச்சுடுதே?"

அடிக்கிறதுதான். 2024 விலையில் பார்த்தால், ஒரே உருவத்துக்கு ஆகும் பிளாட்டினச் செலவு தங்கச் செலவில் முக்கால் பங்குகூட இல்லை. உலோகத்தை வைத்து இந்த விலையை விளக்கவே முடியாது. இதை மறைத்து, "பிளாட்டினம் அபூர்வம், அதனால விலை" என்று முடித்துக்கொள்வது விற்பனையாளர்கள் வழக்கம். அபூர்வம்தான், சுரங்கத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது, வருடத்துக்கு 200 டன்கூடத் தேறாது, தங்கம் 3,000 டன்னுக்கு மேல். ஆனால் அபூர்வம் மட்டுமே காரணம் என்றால் அது கிராம் ரேட்டிலேயே தெரிந்திருக்குமே! கிராம் ரேட்டைத் தீர்மானிப்பது புகையைச் சுத்தப்படுத்தக் கார் புகைக்குழாயில் வைக்கும் பிளாட்டின வினையூக்கிகள்கூட. 2015க்குப் பிறகு டீசல் கார்களின் மவுசு குறையக் குறைய, பிளாட்டினம் தங்கத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது.

பதில், தங்கை கொண்டுவந்திருந்த ஒரு பழைய ஃபைலில் இருந்தது. அப்பாவின் சிங்கப்பூர் பில். 2008 மார்ச். அந்த மாதம்தான் பிளாட்டினம் அவுன்சுக்கு 2,200 டாலரைத் தாண்டி உச்சத்தில் இருந்தது. தங்கம் அப்போதுதான் முதன்முதலாக 1,000 டாலரைத் தொட்டிருந்தது. மேலே போட்ட கணக்கையே அந்த விலையில் போட்டால், ஒரே உருவத்துக்குத் தங்கத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் உலோகச் செலவு. அப்பா வாங்கியபோது அந்த விலைக்கு உலோகமே ஒரு நியாயமாக இருந்தது.

பிறகு உலோகம் சரிந்தது. வாட்ச் விலைப்பட்டியல் இறங்கவில்லை. கம்பெனிகள் படிக்கட்டாக விலை வைக்கின்றன: ஸ்டீல், மஞ்சள் தங்கம், வெள்ளைத் தங்கம், உச்சியில் பிளாட்டினம். கீழே உலோகச் சந்தை எப்படி ஆடினாலும் படியின் வரிசை மாறுவதில்லை. அந்த மேல்படிக்கு அடையாளமும் தருகிறார்கள். ரோலெக்ஸில் அந்த நீல டயல். பாட்டெக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனி தன் பிளாட்டின ஆண் கடிகாரங்களில் 6 மணிப் பக்கம், காதுகளுக்கு நடுவே ஒரு சிறு வைரம் பதிக்கிறது. கட்டியிருப்பவருக்கும் தெரிந்தவருக்கும் மட்டும் புலப்படும். செய்வதும் குறைந்த எண்ணிக்கைதான். ஆகவே இந்த விலையில் கணிசமான பகுதி கம்பெனி எடுத்த முடிவு என்பது என் அபிப்பிராயம். அதை இருவரிடமும் அப்படியே சொன்னேன். உருக்கினால் அந்தப் பகுதி ஆவியாகிவிடும். முழு வாட்ச்சாக, வாங்கத் தெரிந்தவரிடம் விற்றால் நிற்கும்.

அண்ணன் ரொம்ப நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் அப்பா பென்சிலால் ஏதோ கூட்டல் போட்டிருந்தார். வேறு எதற்கோ போட்ட கணக்கு. "அப்பா இதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார். தங்கை, "எனக்கும்தான் தெரியாது அண்ணே" என்றார். கோபத்துக்கு வேண்டிய விளக்கம் அந்த ஒரு வரிதான். நான் போட்ட கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் அவர் காதில் ஏறியிருக்கும்.

தொடர்ந்து நடந்தது

என் வார்த்தையை மட்டும் நம்பவேண்டாம் என்று நானே சொன்னேன். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் மூலம், பழைய கடிகாரம் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு இரண்டின் படங்களையும் அனுப்பினார்கள். தொகையை எழுதவேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் விகிதம் மட்டும்: வெள்ளைக்குச் சொன்ன விலை, தங்கத்துக்குச் சொன்னதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டுமே நகைக்கடை எழுதிக் கொடுத்ததைவிட எங்கோ மேலே. தங்க வாட்ச்சையும் உருக்கு விலைக்கு நினைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அதில் ஒரு சமாதானம். பில்லும் பெட்டியும் இருந்ததால் வெள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்கள். தங்க வாட்ச்சின் பெட்டி எந்தக் காலத்திலோ மருந்து மாத்திரை வைக்கும் டப்பாவாகி, பிறகு காணாமலும் போயிருந்தது.

தங்கை 90,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் கேட்கவில்லை, விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டார். பட்டியலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. சில மாதம் கழித்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வெள்ளை வாட்ச்சை அடகு வைக்கத் தங்கை முயன்றார். ஊரில் இரண்டு இடங்களில் கேட்டார், எடுக்கவில்லை. அண்ணன் தன் தங்க வாட்ச்சைக் கொண்டுபோனார். ஓர் இடத்தில் தயங்காமல் எடை போட்டார்கள். விலை அதிகமான பொருள் அவசரத்துக்கு உதவவில்லை. நகைக்கடைக்காரர் 30 சதவீதம் கழித்ததில் இந்த உண்மை இருந்திருக்கிறது என்பதை நான் அன்று யோசித்துப் பார்க்கவில்லை.

2025 அக்டோபரில் தங்கம் அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியபோது அண்ணன் போன் செய்தார். "இப்ப யாரோடது பெருசு?" என்று சிரித்தார். பிளாட்டினமும் அந்த வருடம் நன்றாகவே ஏறியிருந்தது. உருக்கினால் உங்களோடதுதான், முழுசா வித்தா இன்னும் தங்கச்சியோடதுதான் என்றேன்.

இனி மாற்றிக்கொள்வது

விலையைப் பற்றிய எதையும் கவுண்டரில் சொல்வதில்லை. உள்ளே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்; கொண்டுவந்தவரை உட்காரவைத்து, இது யாருடையது, எப்படி வந்தது, பங்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டபிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

மதிப்பு எழுதிக் கேட்டால் மூன்று வரி எழுதுகிறேன்: உருக்கினால் கிடைப்பது, முழு வாட்ச்சாக விற்றால் கிடைப்பது, இந்த ஊரிலேயே ஒரே நாளில் பணமாக்கினால் கிடைப்பது. மூன்றாவது வரி இந்தச் சம்பவத்துக்குப் பிறகு சேர்த்தது. தேதியும் அன்றைய கிராம் ரேட்டும் பக்கத்தில் இருக்கும்.

அந்த நகைக்கடைக்காரரையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். குறை சொல்லப் போகவில்லை. வாட்ச் வந்தால் உரைகல்லை எடுக்கவேண்டாம், காதின் அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும் என்று சொல்லி, என்னிடம் உபரியாக இருந்த ஒரு லென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று தேய்த்த தடம் வாட்ச்சில் இன்னும் இருக்கிறது. சர்வீஸ் முடித்துக் கொடுத்தபோது, சிங்கப்பூரில் ஒழுங்காக மெருகு போடுபவர்கள் இருக்கிறார்கள், அனுப்பட்டுமா என்று கேட்டேன். "கிடக்கட்டும் சார்" என்று சொல்லி, கட்டைவிரலால் அந்த இடத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, அதே கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.